பழைய கார்: இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவருக்குத் துணையாக யார் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இன்ஜின் எப்படி?” பானெட்டைத் தூக்குவார்கள், ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் காதைக் கொடுப்பார்கள், சைலன்சர் வாயில் கைக்குட்டையைப் பிடித்துக் கறை பார்ப்பவர்களும் உண்டு. ஆபீசுக்குப் போய்வர ஏழெட்டு வருட ஸ்விஃப்ட் வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி சரி. இருபது, முப்பது, ஐம்பது வருடம் ஓடிய காரை ஆசைக்காக வாங்கி, முடிந்தவரை தன் கையாலேயே பிரித்துப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்க நினைக்கிறவருக்கு இது தலைகீழ் வரிசை. அவர் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அடுத்தது பாடி. அதற்கடுத்தது, அந்தக் காருக்குச் சாமான் கிடைக்குமா என்பது. இன்ஜினுக்கு நான்காம் இடம்தான்.

காரணம் எளிது. இன்ஜினில் தேயும் எதற்கும் இந்த ஊரில் மாற்று உண்டு: ரீபோர் பண்ணலாம், கிராங்கை அரைக்கலாம், ஹெட்டை லேத்துக்கு அனுப்பலாம். எவ்வளவு செலவாகும் என்று வேலை தொடங்கும் முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும். துரு தின்ற பாடியின் கணக்கை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெயிண்டைச் சுரண்டச் சுரண்டத்தான் அது விரியும். பேப்பர் சரியில்லாத காரையோ எந்தப் பட்டறையிலும் சரிபண்ண முடியாது.

எந்தக் கார்?

ரோல்ஸ் ராய்ஸும் பியூக்கும் சேர்ப்பவர்கள் தனி உலகம். அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை நம் தெருக்களில் ஓடிய கார்கள்.

அவற்றில் மூத்தது அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்துக் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை செய்தார்கள். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தினுடையது, அங்கே எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். இதனால் ஒரு லாபம்: பிரிட்டனில் எம்.ஜி. பிரியர்கள் இருக்கும்வரை அந்த இன்ஜினின் உள் சாமான்கள் சில அங்கேயும் கிடைத்துக்கொண்டிருக்கும். 1992க்குப் பிறகு வந்த 1800 ஐ.எஸ்.இசட். மாடலில் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. ஓட்டச் சுகமானது அதுதான். ஆனால் அம்பாசடர் என்றால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் இருக்க வேண்டும் என்பவர்கள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

பிரீமியர் பத்மினியை நம் ஊரில் கடைசிவரை ஃபியட் என்றுதான் கூப்பிட்டார்கள். மும்பை குர்லாவில் 1964இலிருந்து செய்யப்பட்ட ஃபியட் 1100தான் 1974இல் பத்மினி என்று பேர் மாறியது. 1089 சிசி இன்ஜின், லேசான வண்டி. அம்பாசடரைவிட நெரிசலில் ஓட்டச் சுலபம், பாடி விஷயத்தில் கூடுதல் கவலை. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் கடைசி பத்மினி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அந்த டாக்சிகளுக்காகவே உயிரோடிருந்த சாமான் கடைகள் இனி என்ன செய்யும் என்பது பத்மினிக்காரர்களின் இன்றைய கவலை.

சென்னைக்காரர்களுக்குச் சொந்தமான கார் ஸ்டாண்டர்டு. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961இலிருந்து ஹெரால்டு காரைச் செய்தது. இத்தாலியின் மிக்கலோட்டி வடிவமைத்தது. பானெட் மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடித் துண்டுகள். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் இந்தியாவில் வரவில்லை என்பது என் கட்சி. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. 1972இல் அதன் வழியில் கெஸல் வந்தது. 1985இல் ரோவரின் நவீன உடம்புக்குள் பழைய வான்கார்டு கார் காலத்து 2 லிட்டர் இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள்; மூன்றே வருடத்தில் அந்தக் கதை முடிந்தது. ஹெரால்டுக்கு எல்லாம் நல்லது, சாமானைத் தவிர. கண்ணாடி ரப்பரிலிருந்து டெயில் லைட் வரை தேடித்தான் எடுக்க வேண்டும்.

மாருதி 800 பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்ற கார். 796 சிசி, மூன்று சிலிண்டர். அதே இன்ஜின் ஆம்னியிலும் 2019 வரை ஓடியதால் சாமான் பஞ்சமே இல்லை. முதல்முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது 1986க்குப் பிறகு வந்த, கார்புரேட்டர் வைத்த 800. 1986க்கு முந்தைய எஸ்.எஸ்.80 இன்று சேகரிப்பாளர் பொருள். அதற்கான பாடித் துண்டும் விளக்கும் ஹெரால்டு சாமானைப் போலவே அரிது.

இப்போது இளைஞர்கள் தேடுவது 1990களின் கார்கள்: ஜென், எஸ்டீம், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, திருவள்ளூரில் செய்த லான்சர், மறைமலை நகரில் செய்த ஐகான், கூடவே ஓப்பல் ஆஸ்ட்ரா, டேவூ சியலோ. பழைய கார்களிலேயே கஷ்டமானவை இவைதான் என்று சொன்னால் பலர் சண்டைக்கு வருவார்கள். கார்புரேட்டர் காரில் கெட்டுப்போவது இரும்பும் ரப்பரும். அவற்றைச் செய்துகொள்ள முடியும். 1990களின் காரில் கெட்டுப்போவது கன்ட்ரோல் யூனிட், சென்சார், டேஷ்போர்டு பிளாஸ்டிக். அவற்றை லேத்தில் கடைய முடியாது. தயாரிப்பாளர் நாட்டைவிட்டுப் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: டேவூவின் இந்தியத் தொழிற்சாலை 2000களின் தொடக்கத்தில் நின்றது, ஓப்பல் 2006இல் போனது. மாருதியும் ஹோண்டாவும் விலக்கு. மற்றதில் ஆசை வைத்தவர் ஒரே மாடலில் இரண்டு வண்டி வாங்கி ஒன்றைச் சாமானுக்கென்று ஒதுக்குவது ஊரறிந்த வழக்கம். இடம் இருப்பவர்களுக்கு அது சரிப்படும்.

பேப்பர்

ஆர்.சி.யை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதில் பயனில்லை. கையில் டார்ச்சும் பழைய பல் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு சேஸிஸ் நம்பரை வண்டியில் தேட வேண்டும். அழுக்கைத் தேய்த்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எழுத்து வரிசை கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் வெல்டிங் தழும்பு இருந்தாலோ விலை எவ்வளவு குறைவானாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இன்ஜின் நம்பர் வேறாக இருப்பது பழைய காரில் சகஜம். எப்போதோ இன்ஜின் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஏறாவிட்டால் எஃப்.சி. காட்டப் போகும் நாளில் இன்ஸ்பெக்டர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியவர் புதிய ஓனர்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர் யாருடையது என்பது அடுத்தது. பழைய கார்கள் பல இரண்டு மூன்று கை மாறியும் பெயர் மாறாமலே ஓடுகின்றன. முதல் ஓனர் இறந்திருப்பார். வாரிசுகள் மூன்று ஊரில் இருப்பார்கள். புரோக்கர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை நீட்டுவார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் கை மாறியதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பல கை மாறிய ஒரு கார் சம்பந்தப்பட்ட விபத்து வழக்கில், ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவின் பழைய ஃபியட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு மறந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எச்.பி. கேன்சல் ஆகாத ஆர்.சி.கள் இன்னொரு தொல்லை. 1980களில் கடன் கொடுத்த நிதி நிறுவனம் இன்று இருக்காது. கடன் என்றோ அடைந்திருக்கும், 35ஆம் படிவத்தில் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. வெளிமாநில வண்டிக்குத் தனிக் கணக்கு. டெல்லியில் 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களும் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் கார்களும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து நல்ல கார்கள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. கடற்காற்று படாததால் பாடி நன்றாகவே இருக்கும். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது மலிவு கரைந்துவிடும். அந்தச் செலவையும் சேர்த்துவைத்து விலை பேசுகிறவர்கள் குறைவு.

பாடி

சென்னை, கடலூர், தூத்துக்குடி வண்டியையும் கோவை, சேலம் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கீழே குனிந்து பார்த்ததும் தெரியும். உப்புக் காற்று மேல் பெயிண்டை ஒன்றும் செய்யாது. கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, மேட்டுக்கு அடியில் தரை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பேட்டரித் தட்டு, பின் பட்டா தொங்கும் இடம் ஆகிய ஆறையும்தான் அது தின்னும். அம்பாசடரில் முன் டார்ஷன் பார் பிடிமானத்தையும், பத்மினியில் தரையும் பெட்டியும் சேரும் இடத்தையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். இரண்டிலுமே தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. பெட்டி உளுத்த பத்மினியில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு திறக்காது.

புதுப் பெயிண்ட் பளபளக்கும் பழைய காரைச் சந்தேகப்படுவதே புத்தி. அதற்குக் கருவி, துணியில் சுற்றிய சின்னக் காந்தம். மட்கார்டு வளைவின் மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்திக்கொண்டே வர வேண்டும். தகடு இருக்கும்வரை காந்தம் கையை இழுக்கும். பட்டி பூசிய இடம் வந்ததும் இழுப்பு தளரும். பட்டி கனமாக இருந்தால் காந்தம் கையோடு வந்துவிடும். அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டினால் டங் என்ற சத்தம் மங்கி மொத்தென்று கேட்கும். எதிர்ப்பக்க மட்கார்டின் அதே இடத்தில் தட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் பட்டி எல்லா வண்டியிலும் இருக்கும், அதற்காக ஓட வேண்டாம். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணி, அதன்மேல் மெல்லிய பட்டி இழைத்திருந்தால் அது நல்ல டிங்கரிங். ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்துப் பட்டி பூசிய வண்டிகளும் சந்தையில் நிற்கின்றன.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு வகை நோய். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் துடைத்துக் கழுவி வெளிமாவட்டங்களில் விலைபோயின. சீட் பெல்ட் இருக்கும் வண்டியானால் அதைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பாகத்தில் சேற்றுக் கறையின் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, மேட்டுக்கு அடியில் வண்டல், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரில் பச்சைக் களிம்பு ஆகியவை மற்றச் சாட்சிகள்.

சாமான்

சென்னையில் பழைய கார்ச் சாமான் என்றால் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. புதுச் சாமானுக்கும் அலங்காரப் பொருளுக்கும் ஜி.பி. ரோடு. பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் காஷ்மீரி கேட். அங்கே போகிறவர் பேரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேலை நடக்காது.

“பாய், அம்பாசடர் மார்க் ஃபோருக்கு வீல் சிலிண்டர் இருக்குமா?”

“முன்னாடியா, பின்னாடியா தம்பி? பழசைக் கழட்டிக் கொண்டாந்தீங்களா?”

கொண்டுபோகாதவர் மறுபடி வர வேண்டியதுதான். பேர் ஒன்றாக இருந்தாலும் அம்பாசடரில் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கும். அதைக் கடைக்காரரின் விரல்கள்தான் அறியும். ஒரிஜினல், லோக்கல், கழற்றியது என்று மூன்று ரகம் கிடைக்கும். டோர் கைப்பிடி, மீட்டர் போன்றவற்றில் கழற்றிய பழைய ஒரிஜினல்தான் மேல். பிரேக் ரப்பர், ஹோஸ், பேரிங் போன்றவற்றில் பழசைத் தொடவே கூடாது. எத்தனை வருடம் அலமாரியில் கிடந்தாலும் டப்பா பிரிக்காத பிரேக் ரப்பர் புதுசு என்று சிலர் நினைக்கிறார்கள். ரப்பர் டப்பாவுக்குள்ளேயே கிழடாகிவிடும். டயரும் அப்படித்தான்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும், 1419 என்றால் 2019இன் பதினான்காவது வாரம். பட்டன் தேயாமலே வெடித்த டயர்களை நெடுஞ்சாலையில் பார்க்கலாம்.

வீட்டில் வேலை செய்கிறவருக்கு ஸ்பேனர் செட் விஷயத்தில் ஒரு முடிவு வேண்டும். மாருதியும் பத்மினியும் மில்லிமீட்டர். பழைய அம்பாசடரும் ஹெரால்டும் அங்குலம். அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் மேலோட்டமாக உட்காரும், ஆனால் அழுத்திச் சுற்றும்போது நட்டின் முனைகளை மழித்துவிடும். பல பழைய அம்பாசடர்களின் நட்டுகள் உருண்டை உருண்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். வண்டிக்கு அடியில் போகிறவர் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு போட்ட பிறகே படுக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி.

இன்ஜின்

இனி இன்ஜினுக்கு வரலாம். பார்க்கப் போகும் முன்பே ஓனரிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: “நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்.” சூடான இன்ஜின் பல குறைகளை மறைக்கும். ஆறிக் கிடக்கும்போது கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தால்தான் செல்ஃபின் பலமும், முதல் புகையின் நிறமும், ஆயில் பிரஷர் ஏற எடுக்கும் நேரமும் தெரியும். நீலப் புகை ஆயில் எரிவது, கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவது, நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே இறங்குவது. ஆயில் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் புகை குப்குப்பென்று வருவதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள்.

இதற்குமேல் ஊகம் வேண்டாம், கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் பெரியதா சிறியதா என்பதைவிட எல்லாம் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கலாம். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இரண்டும் தீர்க்கக்கூடியவை. விலை பேசும்போது இந்த எண்கள் கைகொடுக்கும்.

பழைய காரின் ஸ்டார்ட்டிங் தொல்லைகளில் பெரும்பாலானவை இன்ஜினுக்கு வெளியேதான், டிஸ்ட்ரிபியூட்டரில். அம்பாசடரின் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். கேமின் முனை பாயின்ட்டை முழுக்கத் திறக்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றி, ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிப் போகும்படி வைத்து ஸ்குரூவை முடுக்க வேண்டும். முடுக்கும்போதே அது நகர்ந்துவிடும். அதனால் முடுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பாயின்ட் சீக்கிரம் சீக்கிரம் எரிந்துபோனால் கண்டென்சரை மாற்றிப் பார்க்கலாம். இந்த ஒரு வேலை கைவந்தால் பாதி பிரேக்டவுன்கள் குறையும்.

பெட்ரோல்

பழைய கார்களுக்கு இந்தியாவில் இரண்டு முறை பெட்ரோல் மாறியது. முதல் மாற்றம் 2000 பிப்ரவரியில், ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோது. ஈயம் வால்வு சீட்டின்மேல் படிந்து அதைக் காத்துவந்தது. அது போனதும் பழைய இன்ஜின்களின் மென்மையான வார்ப்பிரும்பு சீட்டை எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் வளையம் அடித்துவிட்டால் அந்தக் கவலை தீரும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு இதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசரம் இல்லை.

இரண்டாவது மாற்றம் எத்தனால். 2023இல் சில பங்குகளில் தொடங்கிய 20 விழுக்காட்டு எத்தனால் பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. எரிய எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். கணினி இருக்கும் கார் அதை அறிந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கலவை மெலிந்து வண்டி சூடாகும், இழுவை குறையும். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவது இதற்குப் பரிகாரம். இதைவிட அவசரமானது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் போன்றவற்றை எத்தனால் உப்பவைத்து விரிசல் விடச் செய்யும். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீ. வைட்டான் ரப்பர் ஹோஸாக மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் டாங்க்கின் அடியில் சேர்ந்து துருப்பிடிக்கும். அதனால் நிறுத்திவைக்கிறவர் டாங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும். நெரிசலில் பெட்ரோல் பம்ப் சூடேறி ஆவியடைத்து வண்டி நிற்பது பழைய வியாதி. பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்கும் வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது.

பழைய குறைந்த கம்ப்ரஷன் இன்ஜின் எதையெல்லாம் தாங்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சோதனைக்களம் கிடையாது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காத அந்த வருடங்களில் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் கார்கள் சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அங்கிருந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அந்தக் கார்கள் இத்தனை காலம் மிஞ்சியதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு போர் என்று வேறு கார் வராத நிலையும் சேர்ந்துதான். 2020 மார்ச்சில் இலங்கை மறுபடி கார் இறக்குமதியை நிறுத்தி 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் அங்கே பழைய கார் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும்.

வாங்கிய பிறகு

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாரும் கை வைப்பது பெயிண்டிலும் சீட் கவரிலும். கை வைக்க வேண்டியது பிரேக்கில். பழைய அம்பாசடரில் பிரேக் ஒரே சுற்று. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். பெட்ரோல் ஹோஸ், டயர், ரேடியேட்டர் ஹோஸ், ஒயரிங் என்பது அடுத்த வரிசை. பெயிண்ட் கடைசி. கம்பெனி பெயிண்ட் மங்கிப்போயிருந்தாலும் அப்படியே விட்டுவைக்கலாம் என்பேன்; தகடு யோக்கியமானது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. ஹெரால்டோ பத்மினியோ நன்றாகச் செய்து முடித்தால் செலவு, அதை விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டும். விலை ஏறும் என்று வாங்குகிறவர் வேறு எதிலாவது பணத்தைப் போடலாம். மற்றவர் முடித்த வண்டியை வாங்குவதே மலிவு. ஆனால் பிரித்துப் பார்க்கும் சுகத்துக்காகவே வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. காப்பீட்டில் ஒன்று: ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காரின் காப்பீட்டு மதிப்பு, ஓனரும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. போட்டோவும் பில்லும் வைத்துப் பேசினால்தான் செய்த செலவுக்கேற்ற மதிப்பு கிடைக்கும்.

ஒரிஜினலாகவே வைப்பதா, வசதிக்கு மாற்றுவதா என்ற சண்டை ஓயாது. எலக்ட்ரானிக் இக்னிஷன், முன் டிஸ்க் பிரேக், ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் போன்றவற்றை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சென்னை வெயிலுக்கு அவை நியாயம். வேறு கம்பெனி இன்ஜினைத் திணிப்பது வேறு விஷயம். தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் விபத்து நேரத்தில் காப்பீட்டையும் கெடுக்கும்.

வயதுக் கணக்கு

தனியார் காரின் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாக, வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளை 2023 ஏப்ரலிலிருந்து உடைப்புக்கு மட்டுமே அனுப்ப முடியும். அரசு இலாகாக்களின் ஏலத்தில் அம்பாசடர் எடுத்த காலம் அதோடு முடிந்தது. வண்டிக்கென்று டிரைவரும் ஒழுங்கான சர்வீஸும் இருந்த அந்தக் கார்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன.

எதிர்ப்பக்கம் 2021இல் ஒரு சலுகை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடச் செல்லுபடி, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். ஓட்டுவதற்காகக் கார் வைத்திருப்பவர்கள் இதனால் இந்தப் பதிவைத் தவிர்த்து, சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கும் கார்களுக்குத்தான் எந்த இடமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவை புகை விடும் பழைய வண்டிகள். இந்தக் கட்டுரையில் பேசியவற்றில் பெரும்பாலானவை அந்த வயதுதான். 1970களின் தொடக்கத்துக் கெஸல்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதிகள் 2033 டிசம்பரில்தான் அந்த எல்லையைத் தொடும். அதற்குள் 2028இல் ஒருமுறை எஃப்.சி. காட்டி, கட்டணம் மறுபடி ஏறாமல் இருந்தால், 10,000 ரூபாய் கட்டியாக வேண்டும்.